‘மேடையே பார்க்காத சாமான்’: 1,350 வெள்ளி போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும் விடு’ என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. ஆனால் இன்று சாயங்காலம், என்னை ஏமாற்றிய அதே கடை இன்னொரு பழைய பலகையைப் படம் பிடித்து விற்பனைக்குப் போட்டிருப்பதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

1,350 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். ஒரு பழைய மிடி ஃபுட் கண்ட்ரோலருக்கு, கோலாலம்பூரில் ஒரு மாடிக்கடையில், இரண்டு வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை கொடுத்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பழைய இசைக்கருவிகளை வாங்கி, பழுது பார்த்து விற்கிற கடை, அவ்வளவு போதும். கிதார் வாசிக்கிற தம்பிகள் யாராவது இப்படி ஒன்று வாங்கக் கிளம்பியிருந்தால் ஒரு நாள் பொறுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இது என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் காலடியில் கிடக்கிற நீளப் பலகை இது. பத்து சுவிட்சு, ஓரத்தில் இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல், காலால் சாய்த்துச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதற்கு. கிதார் சத்தம் இதற்குள் போகவே போகாது. சத்தத்தை மாற்றுகிற ப்ராசஸர் பின்னால் டிரம்ஸ் பக்கத்தில் ரேக் என்கிற அடுக்குச் சட்டத்தில் இருக்கும். சுவிட்சை மிதித்தால் ‘மூன்றாம் எண்ணுக்குப் போ’ என்று அங்கே ஓர் உத்தரவு மட்டும் போகும். இரண்டையும் இணைப்பது ஐந்து ஊசி கொண்ட மிடி கேபிள். மிடி என்பது இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று உத்தரவு அனுப்புகிற முறை. 1983-இல் வந்தது, இன்றைக்கும் அதே கேபிள்தான் ஓடுகிறது. ஐந்து ஊசி இருந்தாலும் உத்தரவைச் சுமப்பது நான்காவதும் ஐந்தாவதும்தான். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

எங்கள் குழு கல்யாண டின்னர், கோயில் திருவிழா என்று வாசிக்கிற குழு. ஒரே பாட்டில் பல்லவிக்குக் கோரஸ் போட்ட மெல்லிய சத்தம் வேண்டும், இடையிசைக்கு டிஸ்டார்ஷன் என்கிற கரகரத்த சத்தம், சரணத்துக்கு மறுபடி மெல்லிசு, நடுவில் எங்காவது ‘வா-வா’ என்று இழுக்கிற சத்தம். இத்தனை நாளும் ஐந்து பெடலை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டிருந்தேன். நான் நெல் மிதிப்பதாகக் கீபோர்டு அண்ணன் கிண்டல் செய்வார். குழுவுக்கு ரேக் ப்ராசஸர் வந்ததும் ஒரே மிதியில் எல்லாம் மாறுகிற மாதிரி இந்தப் பலகை ஒன்று வேண்டும் என்று ஆறு மாதம் ஓவர்டைம் காசைச் சேர்த்தேன்.

கடைக்காரர் நம்ம ஆள். ஐம்பது வயது இருக்கும். போனதும் ‘பசியாறிட்டியா தம்பி’ என்று கேட்டார். பையனைக் கீழே மாமாக் கடைக்கு (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) அனுப்பித் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ, வரவழைத்தார். எங்கள் குழுத் தலைவரைத் தெரியும் என்றார். சுவரில் மாட்டியிருந்த கிதாரை எடுத்து நாலு கார்டு வாசித்தார், நன்றாகவே வாசித்தார். அங்கேதான் நான் விழுந்தேன். கிதார் வாசிக்கிறவன் கிதார் வாசிக்கிறவனை ஏமாற்ற மாட்டான் என்று எந்த மடையன் எனக்குச் சொல்லிக்கொடுத்தானோ!

பலகையை மேசைமேல் வைத்தார். துடைத்துப் பளபளவென்று இருந்தது. ‘இது ஸ்டூடியோ சாமான்லா தம்பி. மேடையே பார்க்கல’ என்றார். திருப்பிப் பார்த்தேன். அடியில் நாலு மூலையிலும் ரப்பர் கால், புத்தம் புதுசு. பாருங்கள், பழைய சாமானை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் பாராட்டினேன். பக்கத்தில் திருகாணித் தலைகளில் கறுப்புப் பெயிண்ட் பெயர்ந்து வெள்ளையாகப் பளிச்சிட்டதும் கண்ணில் பட்டது. பட்டும் அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

‘என் ப்ராசஸரை எடுத்துட்டு வந்து ஒருதடவை மாட்டிப் பார்க்கவா’ என்றேன். ‘அந்த ரேக்கைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறப்போறியா? இங்கேயே பாரு’ என்று யூஎஸ்பி கேபிளை எடுத்துத் தன் லேப்டாப்பில் சொருகினார். ஒவ்வொரு சுவிட்சாக அழுத்தச் சொன்னார். திரையில் சத்தத்தை மாற்றச் சொல்கிற உத்தரவு, ப்ரோக்ராம் சேஞ்ச் 0, 1, 2 என்று வரிவரியாக வந்தது. பத்தும் வந்தது. எனக்குச் சந்தோஷம். யூஎஸ்பி வழியாக வந்ததே தவிர, நான் மேடையில் மாட்டப்போகிற ஐந்து ஊசி வழியாக எதையும் பார்க்கவில்லை என்பது அந்த நிமிடம் உறைக்கவில்லை. 1,350 வெள்ளியை அவர் சொன்ன வங்கிக் கணக்குக்கு மாற்றினேன். கணக்கு கடை பெயரில் இல்லை, யாரோ ஓர் ஆளின் பெயர். ‘கம்பெனி கணக்குக்குப் போனா லேட்டாகும் தம்பி’ என்றார். சரி என்றேன். ரசீதில் மூன்று மாத வாரண்டி என்று கையால் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை செந்தூல் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாண டின்னர். நாலு மணிக்குச் சவுண்ட் செக். ரேக்கில் மாட்டி நாலைந்து தடவை மிதித்தேன், மாறியது. எட்டரைக்கு ஆரம்பித்தோம். மூன்றாவது பாட்டில் இடையிசைக்கு மூன்றாம் சுவிட்சை மிதித்தேன். பலகையில் சிவப்பு விளக்கு எரிகிறது, எண் 3 காட்டுகிறது, சத்தம் மட்டும் மெல்லிசாகவே நிற்கிறது. இன்னொரு மிதி, இல்லை. குனிந்து கேபிளை லேசாக அசைத்தேன். டிஸ்டார்ஷன் குபீரென்று வந்தது. அப்பாடா என்று முடித்தேன்.

அப்புறம்தான் வினை. அடுத்தது பொண்ணு மாப்பிள்ளை உள்ளே வருகிற இடம். மண்டபத்து விளக்கெல்லாம் அணைத்து, புகை விட்டு, மெதுவான மெலடி. ஆரம்பமே கிதார்தான். ஒன்றாம் சுவிட்சை மிதிக்கிறேன். எண் 1. விளக்கு எரிகிறது. கம்பியைத் தொட்டால் டிஸ்டார்ஷன். பொண்ணு காலடி எடுத்து வைக்க, மேலே என் கிதார் லோரி இஞ்சின் மாதிரி உறுமுகிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிதாரைத் தொங்கவிட்டுக்கொண்டே டிரம்ஸ் பின்னால் ஓடி, கையால் குமிழைத் திருகி மாற்றினேன். அதுவரை கீபோர்டு அண்ணன்தான் சமாளித்தார். மீதி ராத்திரி முழுக்க இப்படி ரேக்குக்கும் மைக்குக்கும் நடந்தேன். தலைவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சம்பளக் கவரில் எப்போதும் இருப்பதைவிட ஐம்பது வெள்ளி குறைவு, அதையும் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கடைக்காரருக்கு வாட்ஸ்அப். முதல் பதில், ‘கேபிள் மாத்திப் பாரு.’ மூன்று கேபிள் மாற்றிப் படம் அனுப்பினேன். ‘சேனல் சரியா வெச்சியா? மொத்தம் 16 இருக்குப்பா.’ பலகையும் ப்ராசஸரும் ஒரே சேனல் எண்ணில் இருந்தால்தான் உத்தரவு போய்ச் சேரும். இரண்டு பக்கமும் ஒன்றாம் சேனல்தான், அதற்கும் படம் அனுப்பினேன். ‘சில ப்ராசஸர் 0-லேர்ந்து எண்ணும், சிலது 1-லேர்ந்து எண்ணும், அதைப் பாரு.’ இது உண்மைதான். பலகை 0 முதல் 127 வரை எண்ண, ப்ராசஸர் 1 முதல் 128 வரை எண்ணினால் ஓர் எண் தள்ளி விழும். ஆனால் தள்ளி விழுவது வேறு, விழாமலே போவது வேறு. அதைச் சொன்னதும், ‘உன் ப்ராசஸர் பழசு’ என்று வந்தது. அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்.

திங்கட்கிழமை வேலை முடிந்து பலகையைத் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். பையன் மட்டும் இருந்தான். ‘பாஸ் ஈப்போ போயிட்டாருண்ணே.’ உள்அறையில் அவர் இருமுவது கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்த ஓர் ஆம்ப்ளிபயர் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அந்தத் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்ததும் அவர் சிரித்தார். சர்க்கியூட் போர்டு ஓரம் முழுக்கப் பச்சைப் பூசணம் மாதிரி செம்பு அரித்திருந்தது. பெடலின் அச்சுக்குள் காய்ந்த சேறு, நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. ‘இது தண்ணியில மூழ்கிய சாமான்’ என்றார். எந்த வெள்ளமோ தெரியாது. கழுவிக் காயவைத்து, ரப்பர் கால் புதுசாக ஒட்டியிருக்கிறார்கள். மேடை பார்க்கவில்லைதான், ஆறு பார்த்திருக்கிறது.

ஐந்து ஊசி சாக்கெட்டைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். நான்காவது ஊசியின் அடியில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல். ஐந்தாவதில் செம்புத் தடமே உரிந்துபோய், அதற்குப் பதில் துண்டுக் கம்பி ஒன்றை வைத்து ஒட்டியிருந்தார்கள். பேஸ் சத்தத்தில் மேடை அதிர்ந்தாலே தொடர்பு விட்டுவிடும். யூஎஸ்பி இந்த வழியே வருவதில்லை, அதனால்தான் கடையில் பத்தும் வந்தது. அது தெரிந்தேதான் யூஎஸ்பியை எடுத்தார் என்று நான் நினைக்கிறேன். சாக்கெட்டை மாற்றலாம், ஆனால் அரிப்பு பரவிக்கொண்டே இருக்கும், இதில் காசு போடாதே என்றார் மெக்கானிக்.

உள்ளே எடுத்த படங்களைக் கடைக்காரருக்கு அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. ‘நீ திறந்துட்ட, வாரண்டி போச்சு. வாரண்டி சுவிட்சுக்கு மட்டும்தான்.’ அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். 1,350 வெள்ளி, அந்தத் தே தாரிக்கும் சேர்த்து.

நிறைய எழுத நினைத்தேன், மணி ஒன்றாகிறது, காலையில் ஆறு மணிக்கு ஷிப்ட். அவசரமாகச் சிலது. உங்கள் சொந்த ப்ராசஸரை, சொந்த ஐந்து ஊசிக் கேபிளோடு தூக்கிப் போய் மாட்டுங்கள். மாடி ஏறினால் கால் ஒன்றும் போய்விடாது. மாட்டிய பிறகு கேபிளை ஆட்டிக்கொண்டே மிதித்துப் பாருங்கள். பழைய சாமானில் ரப்பர் மட்டும் புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆள் பெயருக்குக் காசு மாற்றாதீர்கள். ரசீதில் கம்பெனிப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். என்னுடையதில் இல்லை, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கிற பாரத்தில் எதிராளி பெயரும் முகவரியும் கேட்கும் இடத்தில் இப்போது முழித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கொடுத்துவிட்டு வரப்போகிறேன்.

சனிக்கிழமை பூச்சோங்கில் இன்னொரு கல்யாணம். பழைய ஐந்து பெடலோடு நெல் மிதிக்கத்தான் போகிறேன்.