ஐஸ் கம்பெனி ராத்திரிக்கு ஒரு ஜெர்மன் சிந்தசைசர்

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் எனக்கு. அப்போது நான் கேட்பது சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) வாசிக்கும் ஜெர்மன்காரர் மைக்கேல் ஹோனிக்கின் ஆல்பம். டாஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் மின்னணு இசைக்குழுவைக் கேட்டவர்களில்கூடப் பலருக்கு அவரைத் தெரியாது. 1975-ல் அந்தக் குழுவோடு கொஞ்ச நாள் வாசித்தவர். 1978-ல் வந்த 'டிபார்ச்சர் ஃப்ரம் தி நார்தர்ன் வேஸ்ட்லேண்ட்' அவருடைய தனி ஆல்பம். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, 20 நிமிஷம் ஓடும். சீக்வென்சர், அதாவது பதிந்து வைத்த சுரவரிசையைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி, அதே சுரங்களையே சுற்றிச் சுற்றி வரும். சும்மா கேட்டால் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும். காது கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மெதுவாக நகர்ந்திருக்கும். செல்போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள், அடிநாதம் செத்துவிடும். எங்கள் கம்ப்ரசர் இரைச்சலில் ஹெட்போன் இல்லாமல் ஆகவே ஆகாது. இரண்டாம் பக்கம் சுமார்தான், முதல் பக்கத்துக்குக் கிட்டே வராது. ஆனாலும் அந்த முதல் பக்கத்துக்காகவே காசு கொடுக்கலாம்.