ஃப்ரேம் 3,500 ராண்ட், சைக்கிள் 28,700 ராண்ட்: டர்பனில் நாலு வருடம் ஓட்டிய கணக்கு

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் அதோடு போய்விடலாம். 2021 தொடக்கத்தில் ஒரு பழைய அலுமினிய ரோடு பைக் ஃப்ரேமை, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கோடு சேர்த்து, 3,500 ராண்டுக்கு வாங்கினேன். அது சாலையில் உருளும்போது என் கையிலிருந்து போயிருந்தது 28,700. அந்தச் சமயத்தில் ஏறக்குறைய இதே தரத்தில் ஒரு முழு சைக்கிள் இங்கே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஒரு கடையில் 24,000-க்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனேன்.

எல்லாம் ஊரடங்கில் ஆரம்பித்தது. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கு நான்காம் நிலைக்கு இறங்கியபோது காலை 6 முதல் 9 வரை, வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உடற்பயிற்சி செய்துகொள்ளலாம் என்றார்கள். பரணில் கிடந்த மவுண்டன் பைக்கை எடுத்து அந்த 5 கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். ஆசை அப்படித்தான் தொற்றியது. வருடக் கடைசியில் ரோடு பைக் வேண்டும் என்று கடை கடையாக ஏறினால் என் சைஸ் எங்கேயும் இல்லை, உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. அப்போதுதான் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் ஒருவர் தன் கராஜில் ஆணியில் மாட்டி வைத்திருந்த ஃப்ரேமைக் காட்டினார். 54 சைஸ், சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக், ஒரு கீறல்கூட இல்லை. ஒரு விரலால் தூக்கலாம். 'மற்றதை மெல்ல வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்' என்று தோன்றியது பாருங்கள், அந்த 'மற்றது' என்ற வார்த்தைக்குத்தான் 25,200 ராண்ட்.

ஃப்ரேம், கியர் செட், வீல், இந்த மூன்றைத்தான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். நானும் போட்டேன். ஷிமானோ கம்பெனியின் 105 கியர் செட், 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம்), வெளிநாட்டுக் கடையில் 7,900 காட்டியது. வீடு வந்து சேர்ந்தபோது அனுப்பும் செலவு, சுங்கவரி, 15 சதவீத வாட், அதற்கும் மேல் சுங்கத்தில் எடுத்துத் தந்ததற்குக் கூரியர்காரர்களுக்கு ஒரு கூலி என்று 10,200 ஆகிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். வீல் ஒரு ஜோடி 4,000. ஆக மூன்றுக்கும் 17,700. இதுவரைக்கும் நான் போட்ட கணக்கு பெரிதாகத் தப்பவில்லை.

தப்பியது மீதி 11,000-இல். டயர், டியூப் 1,700. ஹேண்டில்பார், அதை ஃபோர்க்கோடு பிணைக்கும் ஸ்டெம், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் மூன்றும் 2,100. சீட் 950. அப்புறம் ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்), பாட்டம் பிராக்கெட் (பெடலைச் சுற்றும் அச்சுக்கான பேரிங்), ஸ்பேசர், கிளாம்ப், பார் டேப் என்று உள்ளங்கையில் அடங்குகிற சாமான்களுக்கு மட்டும் 2,050. ஃபோர்க் தண்டை அளவாக அறுத்து ஹெட்செட்டை அழுத்திப் பொருத்திக் கொடுத்த கடைக்கு 700. பெடலை மட்டும் பழைய வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டேன். இன்னொரு 900 முழுக்க என் அவசரத்துக்கு. 27.2 மில்லிமீட்டர் சீட் போஸ்ட் வாங்கி வந்தேன், ஃப்ரேமோ 31.6. செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் டெரெய்லரில், முன்பக்கத்துக்கானதைக் குழாயைச் சுற்றிக் கவ்வுகிற ரகத்தில் வாங்கினேன், என் ஃப்ரேமில் திருகி மாட்டுவதற்கென்றே ஒரு நாக்கு இருக்கிறது. ஒரு வெர்னியர் காலிப்பரைக் கடன் வாங்கி அளந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

மிச்சம் 2,600 டூல்ஸ். முழு சைக்கிள் வாங்குகிறவனுக்கு இந்தச் செலவே கிடையாது. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், பின் பல்சக்கர அடுக்கான கேசட்டைக் கழற்றும் சாவி, செயின் கட்டர், கேபிளைப் பிசிறில்லாமல் வெட்டும் கட்டர், பாட்டம் பிராக்கெட் ஸ்பேனர். டார்க் ரெஞ்ச் ஆடம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஃபோர்க் தண்டு கார்பன், ஸ்டெம் போல்டுகளுக்கு 5 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு, கைக்கணக்கில் முறுக்கித் தண்டு விரிசல் விட்டால் இறக்கத்தில் தெரியவரும். அது வேண்டாம்.

பூட்டிய நாளைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழை வீட்டில் பாட்டி பேசக் கேட்டுப் பிடித்துக்கொண்டவர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அன்று பாட்டம் பிராக்கெட்டின் வலது பக்கக் கப்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக மல்லுக்கட்டுகிறேன், மரை பிடிக்கவே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் உள்ளே வந்தார், கப்பை வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்து மரை சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தார். "லெஃப்ட் த்ரெட் தம்பி" என்றார். கிரீஸை விரலால் வழித்துத் தடவி, இடது பக்கமாக இரண்டு சுற்றுக் கையாலேயே ஏற்றிவிட்டார். இந்த ரக ஃப்ரேமில் செயின் இருக்கும் பக்கம் மரை தலைகீழ். பெடலில் அதுவே இடது பெடலுக்கு. படித்திருந்தேன், ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டது. முரட்டுத்தனமாக முறுக்கியிருந்தால் 3,500 ராண்ட் ஃப்ரேம் அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ஓட்டுவது எப்படி என்று கேட்டால், சுகம். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எட்டுப் பத்துப் பேர் உம்ஷ்லாங்காவில் சேர்ந்து எம்4 சாலை வழியாக பாலிட்டோ வரை போய்த் திரும்புவோம். தனியாகப் போவதில்லை, சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஊர் இது. இரண்டு முறை அமாஷோவா சைக்கிள் பந்தயமும் ஓட்டினேன், பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு 106 கிலோமீட்டர். மலையிலிருந்து கடலுக்குத்தானே, இறக்கம்தானே என்று நம்பிப் போகாதீர்கள், இஞ்சாங்கா ஏற்றம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பழக பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறியபோதுதான் அடுத்த தவறு தெரிந்தது. பெரிய சக்கரத்தில் 28 பல் உள்ள கேசட் என் முட்டிக்குச் சரிப்படவில்லை, 32 வேண்டும். நான் வாங்கியிருந்த பின் டெரெய்லரோ, செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையான ரகம், 30 பல் வரைக்கும்தான் தாங்கும். நீளக் கூண்டு வாங்கியிருந்தால் 34 வரை போயிருக்கலாம், விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. இரண்டையும் மாற்றியதில் 2,000 போயிற்று. மேட்டு ஊர்க்காரர்கள் முதலிலேயே நீளக் கூண்டு வாங்கிவிடுங்கள்.

ஆனால் இந்த நாலு வருடத்தில் என்னை அதிகம் படுத்தியது மேடு இல்லை, உப்பு. கடலோரம் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து கைப்பிடியை நக்கிப் பார்த்தால் கரிக்கும் (பார்த்திருக்கிறேன்). போல்டுத் தலைகள் ஆறே மாதத்தில் துருப்பிடித்தன, எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றினேன். கேபிளை வருடா வருடம் மாற்ற வேண்டும் என்பதைச் சோம்பலில் தள்ளிப்போட்டு ஒருநாள் வெருலம் பக்கத்தில் ஒரே கியரில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது வருடம் சீட்டை அரை அங்குலம் உயர்த்தலாம் என்று பார்த்தால் சீட் போஸ்ட் அசையவே இல்லை. போஸ்டும் அலுமினியம், ஃப்ரேமும் அலுமினியம், பூட்டும்போது கிரீஸ் தடவ மறந்திருக்கிறேன், வியர்வையும் உப்புக்காற்றும் உள்ளே இறங்கி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. திரும்பவும் மாமாதான். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி மூன்று நாள் அப்படியே விட்டார். நாலாம் நாள் போஸ்டின் தலையை வைஸில் கடித்துக்கொண்டு, ஃப்ரேமையே இரண்டு பேரும் ஹேண்டில் மாதிரி பிடித்துத் திருகினோம். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது, ஃப்ரேம்தான் கிழிந்துவிட்டது என்று எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. போஸ்ட் வெளியே வந்தபோது சுண்ணாம்பு பூசினாற்போல அதன்மேல் வெள்ளைப் பொடி. மாமா அதை விரலால் சுரண்டி என்னிடம் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் போஸ்டை எறிந்துவிட்டுப் புதிது 700-க்கு வாங்கினேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி மாட்டுகிறேன்.

இதுவரை 14,000 கிலோமீட்டர். பராமரிப்புக்கும் ஏறக்குறைய 14,000 ராண்ட், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ராண்ட். இதில் பெரும்பகுதி டயரும் செயினும். 11 ஸ்பீடு செயின் அரை சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுவேன், இங்கே 2,500 கிலோமீட்டரிலேயே அந்த நாள் வந்துவிடுகிறது. தள்ளிப்போட்டால் கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். கியர் செட் மட்டும் இன்னும் முதல் நாள் மாதிரியே விழுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை. பின் வீலின் ரிம்மில் பிரேக் உரசும் இடம் குழிய ஆரம்பித்திருக்கிறது, வீல் அடுத்த வருடச் செலவு.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய சைக்கிளிலிருந்து கழற்றிய கியர் செட்டும் வீலும் வீட்டில் கிடக்கிறதா, தாராளமாக வெறும் ஃப்ரேம் வாங்குங்கள். ஒன்றும் இல்லாமல் ஆரம்பிப்பதாக இருந்தால் முழு சைக்கிள்தான் மலிவு, என் கணக்கில் 4,700 ராண்ட் மலிவு. எனக்கு வருத்தமா என்றால் பாதி வருத்தம். என் வண்டியில் நான் கழற்றத் தெரியாத ஒரு போல்ட் இல்லை, ஆனால் இதையெல்லாம் 24,000 ராண்ட் சைக்கிளிலும் கற்றிருக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் சும்மா விலை விசாரித்துப் பார்த்தேன். வந்தவர் ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு 9,000 தருகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கேட் வரை போனவர் திரும்பி வந்து, "டூல்ஸும் சேர்த்துத்தானே?" என்றார். விற்கவில்லை.