டைப் செக்கரா, டெஸ்ட் மட்டும் போதுமா? பைதான் கோடைப் பராமரிக்கிற பக்கத்திலிருந்து

பல கைகள் மாறி வளர்ந்த ஒரு பைதான் கோட்பேஸுக்கு டைப் செக்கர் (எந்த இடத்தில் எந்த வகை மதிப்பு வரும் என்று எழுதிவைத்ததை, நிரலை ஓட்டாமலேயே சரிபார்க்கும் கருவி) கொண்டுவருவதா, அல்லது டெஸ்ட்களை இன்னும் கூட்டிக்கொண்டு, மிச்சப் பிழைகளை ரன்டைமிலேயே, அதாவது நிரல் ஓடும்போதே, பிடித்துக்கொள்வதா என்ற பேச்சு எங்கள் அணியில் வந்தபோது நான் டைப் செக்கர் பக்கம் நின்றேன். மைபை என்ற டைப் செக்கரைக் கொண்டுவந்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஏன் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதப் பார்க்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். முதல் நாள் எழுதும் வேகம், புதிதாகக் கற்பவருக்கு இருக்கும் சுலபம், ஒருமுறை ஓட்டித் தூக்கிப்போடும் ஸ்கிரிப்ட், இவற்றில் டைப் எழுதாத வழிதான் முன்னால் நிற்கிறது. நிரல் ஓடும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2015-ல் பைதான் 3.5-இல் வந்த டைப் குறிப்புகளை, நிரல் ஓடும்போது பைதான் சரிபார்ப்பதில்லை. அவற்றைப் படிப்பது மைபை, பைரைட் மாதிரி தனியாக ஓட்டுகிற கருவிகள்தான்.

பைதானும் கோடை முதலில் பைட்கோடாக கம்பைல் செய்துவிட்டுத்தான் ஓட்டுகிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் அது பார்ப்பது இலக்கணத்தை மட்டுமே. அடைப்புக்குறி விட்டுப்போனால் சொல்லும்; வேரியபிள் பெயரில் ஓர் எழுத்து தவறினால் சொல்லாது. அந்தத் தவறு ஓர் ‘எக்செப்ட்’ பிளாக்குக்குள் இருந்தால், உண்மையிலேயே ஏதாவது கோளாறு வந்து அந்த பிளாக் ஓடுகிற நாள் வரை அது அப்படியே கிடக்கும். கோளாறைச் சமாளிக்க எழுதிய வரியே அன்றைக்குச் சரிந்து விழும். சரி, இதைப் பிடிக்க டைப் செக்கர்தான் வேண்டும் என்றில்லை. பைஃபிளேக்ஸ் மாதிரி ஒரு லின்டரே (கோடை ஓட்டாமல் படித்து, பொதுவான தவறுகளைக் காட்டும் கருவி) போதும். எனவே இதை என் கட்சிக்கான வாதமாகச் சேர்க்கவில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு. எழுதி முடித்த கோடைப் பிற்பாடு மாற்றும்போது என்ன ஆகிறது என்பது.

ஓர் உதாரணம். எண்ணைக் கொடுத்தால் பயனரைத் தேடித் தருகிற ஒரு ஃபங்ஷன். ஆள் இல்லையென்றால் எக்ஸெப்ஷன் எழுப்பும், அதாவது பிழை என்று அறிவிக்கும். கணக்கை நீக்கிக்கொள்ளும் வசதி வந்த பிறகு, ‘ஆள் இல்லை’ என்பது சாதாரண நிலைமை ஆகிவிடுகிறது. எக்ஸெப்ஷனுக்குப் பதில் ‘நன்’ (பைதானில் ‘எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் மதிப்பு) திருப்பினால் போதும் என்று ஒருவர் மாற்றுகிறார். மாற்றம் இரண்டே வரி. அதை அழைக்கிற இடங்கள் கோட்பேஸ் முழுக்க இருக்கின்றன.

டைப் இல்லாத கோடில் அடுத்து என்ன செய்வோம்? ஃபங்ஷன் பெயரைத் தேடுவோம். நேராக அழைக்கிற இடங்கள் கிடைக்கும். கிடைத்த பயனரை ஒரு டிக்‌ஷனரியில் போட்டு, அந்த டிக்‌ஷனரியை வரிசையில் சேர்த்து, நள்ளிரவில் ஓடும் வேலை ஒன்று அதை எடுத்து மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிற இடம் அந்தத் தேடலில் வராது. அந்த இடம்தான் ஒருநாள் வெடிக்கும். ‘நன்டைப்’ ஆப்ஜெக்டில் அப்படி ஓர் அட்ரிபியூட் இல்லை என்று செய்தி வரும். பைதானில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் மனப்பாடமான செய்தி அது. பிழையோடு வரும் ட்ரேஸ்பேக் காட்டுவது ‘நன்’ வெடித்த இடத்தை. அது எங்கே பிறந்தது என்பதை அல்ல. பிறந்த இடத்துக்கும் வெடித்த இடத்துக்கும் நடுவே எத்தனை கோப்புகள், எத்தனை மணி நேரம் இருந்தாலும் அந்தத் தூரத்தைப் பராமரிக்கிறவர்தான் நடந்து கடக்க வேண்டும்.

டைப் எழுதிய கோடில், ஃபங்ஷன் திருப்பும் டைப்பை ‘பயனர்’ என்பதிலிருந்து ‘பயனர் அல்லது நன்’ என்று மாற்றுகிறேன். மைபையை ஓட்டுகிறேன். இந்தக் கோப்பில் இந்த வரியில் ‘நன்’ ஆக இருக்கலாம், சோதிக்காமல் முகவரியைக் கேட்கிறாய் என்று பட்டியல் வருகிறது. டிக்‌ஷனரியின் மதிப்புக்கும் டைப் எழுதியிருந்தால், அந்த நள்ளிரவு வேலையும் பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனால் பட்டியல் காலியாகும். எங்கெல்லாம் கை வைக்க வேண்டும் என்பதை மாற்றம் செய்கிற அன்றைக்கே, மேசையிலேயே தெரிந்துகொள்கிறோம். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை.

‘நல்ல டெஸ்ட் இருந்தால் இதெல்லாம் வந்துவிடுமே’ என்பது எதிர்க்கட்சியின் வலுவான வாதம். பாதி உண்மை. அந்த ஃபங்ஷனுக்கு டெஸ்ட் இருக்கும். ‘நன்’ திருப்புகிறது என்று அந்த டெஸ்ட்டையும் மாற்றிவிடுவோம். ஆனால் அழைக்கிற இடங்களின் டெஸ்ட்கள் பெரும்பாலும் மாக் (அசல் ஃபங்ஷனுக்குப் பதில் நிற்கும் போலி) போட்டு எழுதியவை. அந்த மாக் பழையபடியே ஒரு பயனரைத் திருப்பிக்கொண்டிருக்கும். எல்லா டெஸ்ட்டும் பச்சையாகவே இருக்கும், கோட் உடைந்திருக்கும். மாக்குகள் நிறைந்த கோட்பேஸில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அதற்காக டைப் செக்கர் எல்லாப் பிழையையும் பிடிக்கும் என்று சொல்ல வரவில்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, பொதுவில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்களில் திருத்தப்பட்ட பிழைகளை எடுத்து, அந்த மொழிக்கு டைப் சோதனை தரும் டைப்ஸ்கிரிப்ட்டோ ஃப்ளோவோ இருந்திருந்தால் அவற்றில் எத்தனை முன்கூட்டியே பிடிபட்டிருக்கும் என்று பார்த்தது. கிடைத்த விடை சுமார் 15 சதவீதம். மீதி, தேவையைத் தவறாகப் புரிந்துகொண்டது, கணக்கின் தர்க்கம் பிசகியது போன்றவை. தள்ளுபடியை 0.1 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் 10 என்று கொடுத்தால் எந்தச் செக்கரும் வாய் திறக்காது, இரண்டும் எண்கள்தானே. அதற்கு டெஸ்ட்தான் வேண்டும். ஆனால் அந்த ஆய்வு எண்ணியது, வெளியே போய்ச் சேர்ந்த பிழைகளை மட்டும். எழுதும்போதே எடிட்டர் சிவப்புக் கோடு போட்டு நிறுத்துகிற பிழைகளும், ரீஃபாக்டரிங்கின்போது (கோடின் அமைப்பைச் சீர்செய்யும்போது) மிச்சமாகிற நேரமும் அந்தக் கணக்கில் வரவில்லை. எனக்குக் கிடைத்த லாபம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

ரன்டைம் சோதனைக்கு உரிய இடத்தை யாரும் பறிக்க முடியாது. வெளியிலிருந்து ஜேசன் என்ற வடிவத்தில் வரும் தரவு எந்த டைப் குறிப்பையும் மதிக்காது. எண் வரும் என்று நாம் எழுதி வைத்த இடத்தில் எழுத்துச்சரம் வரும். எங்கள் ஏபிஐ-யின் (மற்ற நிரல்கள் எங்களோடு பேசும் வழி) வாசலில் பைடான்டிக் என்ற லைப்ரரி நின்று உள்ளே வருவதை ஓடும்போதே சோதிக்கிறது. உள்ளே வந்ததை மைபை பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதன் மதிப்பும் பாதியாகிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பைதானின் ரன்டைம் பிழை நேர்மையானது. எழுத்துச்சரத்தோடு எண்ணைக் கூட்டினால் நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அதே இடத்தில் "1" உடன் 1-ஐக் கூட்டி "11" என்று சத்தமில்லாமல் மேலே போகும். அதனால் ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு டைப் செக்கரின் தேவை பைதான்காரர்களைவிட ஒரு படி அதிகம் என்றே நினைக்கிறேன்.

எர்லாங் மொழியின் உலகம் வேறு மாதிரி யோசித்தது. பிழை வரும், அந்த புராசஸ் விழட்டும், மேலே இருக்கிற சூப்பர்வைசர் அதை மறுபடி எழுப்பும் என்பது அங்கே அடிப்படை ஏற்பாடு. அந்த மாதிரி அமைப்பில் ரன்டைம் பிழையின் விலையே குறைவு. அதில் பெரிய சிஸ்டம் எதையும் நான் பராமரித்ததில்லை. ஆகவே என் தீர்ப்பை அங்கே கொண்டுபோய்ப் பொருத்த மாட்டேன். ரூபி மொழியில் சோர்பெட் என்ற டைப் செக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் சொல்வது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செலவும் உண்டு. டெக்கரேட்டர்களும் கீவேர்டு ஆர்குமென்ட்களும் குவிந்த பழைய கோடுக்கு டைப் எழுதுவது எரிச்சலான வேலை. ‘எனி’ (எந்த வகையாகவும் இருக்கலாம்) என்று ஓரிடத்தில் எழுதினால், அதைத் தொட்ட மதிப்புகள் வழியாகச் சோதனை இல்லாத பகுதி பரவிக்கொண்டே போகும். ட்ராப்பாக்ஸ் 40 லட்சம் வரி பைதானை மைபைக்குள் கொண்டுவந்ததைப் பற்றி 2019-ல் எழுதியது. அதுவும் பல வருட வேலை. பைதானுக்கே உரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. எழுத்துச்சரமும் எழுத்துச்சரங்களின் வரிசையாகவே கருதப்படுகிறது. எனவே ‘சீக்வென்ஸ்’ கேட்கிற ஃபங்ஷனுக்கு ஒற்றை முகவரியைக் கொடுத்தால் மைபை ஒப்புக்கொள்ளும், ரன்டைமும் ஒப்புக்கொள்ளும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பப் பார்க்கும். அந்த இடங்களில் ‘லிஸ்ட்’ என்றே எழுதுவது நல்லது.

கொண்டுவர நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டைப் குறிப்பே எழுதாத ஃபங்ஷனின் உள்பகுதியை மைபை இயல்பாகச் சோதிப்பதில்லை. பழைய கோட்பேஸில் முதல் தடவை ஓட்டி, பிழை அதிகம் இல்லை என்று வந்தால் அதை நம்ப வேண்டாம். செக்_அன்டைப்டு_டெஃப்ஸ் என்ற அமைப்பை இயக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வருகிற பட்டியல் நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தப் போகாதீர்கள். புதுக் கோப்புகளுக்குக் கண்டிப்பான விதி, பழைய கோப்பைத் தொடுகிறவர் தொட்ட ஃபங்ஷனுக்கு மட்டும் டைப் எழுதுவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அதிலும் நிறையப் பேர் அழைக்கிற ஃபங்ஷன்களை முதலில் எடுத்துக்கொண்டால் பலன் சீக்கிரம் தெரியும்.