பழைய நிலத்தை உடைக்கிறதோ, மேலயே மாபிள் ஒட்டுறதோ?

கிளிநொச்சிப் பக்கம் வீட்டுத்திட்ட வீடுகளில போட்ட சீமெந்து நிலம் இப்ப கனபேருக்கு வெடிச்சுக்கொண்டு வருது, மாபிள், அதாவது தரைக்கு ஒட்டுற ரைல்ஸ், பதிக்கப் போறவை முதல்ல முடிவெடுக்க வேண்டியது இதைத்தான்.

மேலயே ஒட்டினா வேலை கெதியில முடியும், தூசி இல்லை, கல்லு மண் அள்ளிக் கொட்டத் தேவையில்லை. ஆனா பசையும் மாபிளும் சேர்ந்து நிலம் ஒண்டரை ரெண்டு சென்ரிமீற்றர் உயரும், கதவுக்குக் கீழ சீவோணும், குளியலறைப் பக்கம் தண்ணி உள்ளுக்கு வராம வாட்டம் பாக்கோணும். வழுவழுப்பான சிவப்பு நிலமெண்டா கொத்தி சொரசொரப்பாக்காம ஒட்டவே கூடாது, பிறகு கழண்டு வரும்.

உடைக்கிறது செலவும் அலுப்பும்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ஒரு தடியால நிலம் முழுக்கத் தட்டிப் பாருங்கோ, டொக் டொக்கெண்டு பொள்ளல் சத்தம் கேட்டா கீழ மண் இறங்கியிருக்கலாம், இல்லாட்டி மேல்பூச்சு விட்டிருக்கலாம், அதுக்கு மேல எவ்வளவு விலையான மாபிள் போட்டாலும் வெடிப்பு அதே இடத்தால மேல வரும். உடைச்சா மண்ணுக்குத் தண்ணி விட்டு இறுக்கி, பொலித்தீன் விரிச்சு கொங்கிறீற் போடலாம், மாரியில ஈரம் ஏறுறதும் குறையும்.

நிலம் இறுக்கமா இருந்தா மேல ஒட்டுங்கோ, காசை மிச்சம் பிடியுங்கோ. பொள்ளலெண்டா, பாதி வீட்டையெண்டாலும் இந்த வருசம் உடைச்சே செய்யுங்கோ.

10க்கு 12 அடி அறைக்கு 2க்கு 2 அடி மாபிள் 30 போகும், வெட்டுறதுக்கு 3 கூட எடுங்கோ.