புதிதாகச் சுடப் பழகுபவருக்கு எந்தக் காலிபர்? 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிள் – ஒரு மதிப்பீடு

பொள்ளாச்சி, காரமடை, தொண்டாமுத்தூர் பக்கத்தில் ரைபிள் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "பன்னிக்குங்களா?" என்ற கேள்விதான் முதலில் வரும், கையோடு "315 வாங்கிருங்க" என்று .315 வேட்டை ரைபிளை வாங்கச் சொல்லும் ஆலோசனையும் வந்துவிடும். மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டு ஒரே இரவில் பாதிக் காட்டைப் பறிகொடுத்தவரின் ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஆலோசனை சட்டத்துக்கும் பொருந்தாது, புதிதாகப் பழகுபவரின் தோளுக்கும் பொருந்தாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. காட்டுப் பன்றிகளுக்காகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே தரப்பட்டிருக்கிறது. தோட்டக்காரர் தம் துப்பாக்கியோடு இறங்க அதில் இடமில்லை. ஆகவே, இங்கே காலிபரை, அதாவது குழலின் உள்விட்ட அளவைத் தேர்ந்தெடுப்பது என்றால் அது இலக்குப் பலகையைச் சுடுவதற்கான தேர்வு மட்டுமே.

கோவையில் கல்லூரி முதலாண்டு படிக்கும் என் அக்கா மகளுக்கு ரைபிள் சுடுதலில் ஆர்வம் வந்ததால், இந்திய நிறுவனம் ஒன்று தயாரித்த 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குலக் காலிபர் ஏர் ரைபிள் ஒன்றை வாங்கினோம். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை அது. பல்லடத்துக்கு அருகே உள்ள எங்கள் தோட்டத்தில் அதைப் பயன்படுத்திப் பார்த்ததன் அடிப்படையில் எழுதுகிறேன். இந்த வகையில் பல நிறுவனங்களின் மாதிரிகளும் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே விதமாகவே இயங்குவதால், நிறுவனத்தின் பெயரைவிடக் காலிபரையும் வகையையும் எடைபோடுவதே வாங்குபவருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

பெரிய காலிபரில் தொடங்குபவருக்கு நேரும் முதல் கெடுதல், உதைப்புக்கும் சத்தத்துக்கும் உடம்பு முன்கூட்டியே அஞ்சக் கற்றுக்கொள்வது. விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழலின் முனை தாழும். சுடுபவருக்கோ இவை எதுவும் தெரியாது. என் நண்பர் ஒருவர் முதன்முதலில் கையில் எடுத்ததே 'பன்னிரண்டு போர்' (12 bore) எனப்படும், உதைப்பு மிகுந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைத்தான். பின்னாளில் ஒரு சுடுதல் சங்கத்தில் அவர் .22 ரைபிளால் சுட்டபோது, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே அவருக்குத் தெரியாமல் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைப் பயிற்சியாளர் வைத்தார். 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டது. வெடிக்காத அந்த ரைபிளின் முனை அரைச் சாண் கீழே இறங்கியதை அங்கிருந்த அத்தனை பேரும் பார்த்தோம். .22 தோட்டாவுக்கு உதைப்பு என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. அவருடைய தோள் இன்னமும் பன்னிரண்டு போருக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளிலும் விவரம் தெரிந்தவர்கள் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். 1906 முதல் புழக்கத்தில் உள்ள .30-06 தோட்டா மான் வேட்டைக்குப் பேர்போனது என்றாலும், புதியவர்களுக்கு 1955இல் வந்த .243 வின்செஸ்டரையோ 2007இல் வந்த 6.5 கிரீட்மோரையோதான் அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். மானை வீழ்த்தப் போதுமான ஆற்றல் இவற்றில் இருக்கிறது, உதைப்போ கணிசமாகக் குறைவு. நம் ஊரில் எல்லோர் வாயிலும் வரும் .315 உண்மையில் எட்டு மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவின் வழிவந்தது. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரர் காலத்தில் கட்டுப்பாடு இருந்ததால் அது இங்கே வேரூன்றியது. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை தயாரித்து விற்றதால் நிலைபெற்றது. புதியவருக்கு ஏற்றது என்று யாரும் அதைத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை.

ஆற்றலைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அரை கிராம் எடையுள்ள பெல்லட் (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) ஒன்று விநாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 15 ஜூல். சாதாரண .22 தோட்டாவுக்கு அது 140 ஜூல் அளவில் இருக்கும்; .30-06க்கோ 3,800 ஜூலை நெருங்கும். கொங்கு நாட்டில் வீடுகள் ஊருக்குள் மட்டும் இருப்பதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு சாளை உண்டு; வேலிக்கு அப்பால் மாடு மேய்ப்பவரோ தண்ணீர் கட்டுபவரோ எந்நேரமும் இருப்பார். இலக்கைத் தவறவிட்ட .22 தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகக்கூடியது என்பதால், திறந்த தோட்டத்தில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது. ஏர் ரைபிளின் பெல்லட்டும் பல நூறு மீட்டர் பறக்கும் என்றாலும், பத்து மீட்டரில் மணல் நிரப்பிய பெட்டி ஒன்று அதை முழுமையாக நிறுத்திவிடுகிறது. மூன்று பக்கம் சுவர் உள்ள பழைய மாட்டுக்கொட்டகையில் இலக்கை வைத்திருக்கிறோம். கண்ணாடி அணியாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

சட்டமும் இந்தக் காலிபரின் பக்கமே நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, காலிபர் .177க்கு மிகாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. கடையில் அடையாளச் சான்றின் நகலை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதே ஏர் ரைபிளை .22 காலிபரில் வாங்க நினைத்தால் உரிமம் வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், காவல்துறை விசாரணை முடிய வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். பஞ்சாயத்து, சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று வரிசையாக வரும்போது அந்த அலைச்சலே ஒரு வேலை.

இனி, ரைபிளைப் பற்றி. விற்பனையாளர் முதலில் எடுத்து வைத்தது அதிக வேகம் தரும் மாதிரியை. அதன் ஸ்பிரிங் அவ்வளவு கடினம். குழலை மடக்குவதற்கு என் மருமகள் முறையான அந்தப் பெண் இரண்டு கைகளையும் போட்டுத் தொங்க வேண்டியிருந்தது. ஆற்றல் குறைந்த மாதிரியைக் கேட்டு வாங்கியதுதான் எங்கள் தேர்வில் மிகச் சரியான பகுதி. களைத்த கை நடுங்கும். நடுங்கும் கையால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பின்கட்டை மரத்தாலானது, பிடிப்பதற்கு நன்றாக இருக்கிறது. விசைதான் குறை: இழுப்பு நீளமாகவும் சற்றுக் கரகரப்பாகவும் இருக்கிறது, எந்த இடத்தில் விடுபடும் என்பதை விரலால் உணர முடிவதில்லை. குறிபார்க்க உதவும் பின்குறியைச் சரிசெய்யும் திருகும் தளர்வாக இருந்ததால், சுடச்சுட அது தானாகவே நகர்ந்தது. இறுக்கிய பிறகு சரியானது.

ஸ்பிரிங் வகைக்கு ஒரு தனிக்குணம் உண்டு என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் தள்ளி உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் நகர்கிறது; பிஸ்டன் முட்டி நிற்கும்போது ரைபிள் முன்னால் எகிறுகிறது; பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே இவ்வளவும் நடந்துவிடுகிறது. வலுவாக இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். முன்னால் தாங்கும் கையின் உள்ளங்கையை விரித்து, பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் தாங்கிப் பிடித்தால் ஓட்டைகள் ஒரே இடத்தில் கூடுகின்றன. "இறுக்கிப் பிடிச்சாத்தான் நேரா போகும்னு நெனச்சேனுங்க மாமா" என்றாள் அவள். பிடியைத் தளர்த்தியதும் ஐந்து ஓட்டைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. இந்த இருபக்க அதிர்வு சாதாரணத் தொலைநோக்கிக் குறியைக் கெடுத்துவிடும் என்பதால், தொடக்கத்தில் ரைபிளோடு வரும் திறந்த குறியே போதும். அழுத்தக் காற்று நிரப்பும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, போட்டிகளில் பயன்படுவதும் அதுதான். ஆனால் ரைபிளும் பம்பும் சேர்ந்து வரும் செலவு பல மடங்கு.

பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் சுடுவதும் இதே 4.5 மில்லிமீட்டரில்தான். பத்து மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் மட்டுமே என்பதை அறிந்தால், சிறிய காலிபரைச் சிறுவர் விளையாட்டு என்று யாரும் ஒதுக்கமாட்டார்கள்.

பெல்லட்டைத் தேர்வதிலும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தட்டைத் தலையுள்ளது தாளில் வட்டமாக, சுத்தமாக வெட்டுகிறது. மதிப்பெண் எண்ண எளிது. மலிவான டின் ஒன்றில் பாவாடைபோல் விரிந்த அடிப்பகுதி நசுங்கிய குண்டுகள் நிறைய இருந்தன. விரல் நுனியில் உருட்டிப் பார்த்து அவற்றைப் பொறுக்கி எறிந்த பிறகே குறி சீரானது. பெல்லட் போடாமல் வெறுமனே விசையை இழுத்தால் காற்றுக் கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீல் அடிபடும். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

மயிலையும் கிளியையும் விரட்டலாம் என்ற எண்ணத்தோடு இதை வாங்க நினைப்பவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது. இரண்டையும் சுடுவது குற்றம், தேசியப் பறவையான மயில் என்றால் வழக்கு இன்னும் கடுமையாகும். தாளில் ஓட்டை போட ஆசைப்படும் புதியவருக்கு இந்தக் காலிபரையும், ஆற்றல் குறைந்த ஸ்பிரிங் மாதிரியையும் தயங்காமல் சொல்வேன். விசைக்காக மட்டும் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். அடுத்த கட்டமாக .22க்குப் போக விரும்பினால், சொந்தமாக வாங்குவதற்கு முன் கோவையில் உள்ள சுடுதல் சங்கம் ஒன்றில் உறுப்பினராகி, அங்குள்ள ரைபிளால் பயிற்சியாளரின் மேற்பார்வையில் சுட்டுப் பார்க்கலாம். என் அக்கா மகள் அதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறாள்.