வேர்ட்பிரஸா, ஷாப்பிஃபையா, கையால் எழுதிய பக்கமா?

திருப்பூரில் வெப்சைட் செய்து கொடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு வரும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகுங்க?" அதற்குப் பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்பேன். "சைட் முடிஞ்சதுக்கு அப்புறம் அதுல யாருங்க கை வைக்கப் போறாங்க?" இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் எதில் கட்டுவது என்று முடிவு செய்கிறேன். கொட்டேஷன் அதற்குப் பிறகுதான்.

பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். ஏற்றுமதி செய்பவர். அவர் சைட்டைப் பார்க்கப்போவது வெளிநாட்டு பையர். அந்த பையருக்கு வேண்டியது, எத்தனை மெஷின் ஓடுகிறது, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, கோட்ஸ் (இயற்கை முறையில் விளைந்த இழைக்கானது), ஓகோ-டெக்ஸ் (துணியில் கெடுதலான ரசாயனம் இல்லை என்பதற்கானது) சான்றிதழ்கள் இருக்கின்றனவா, யாரிடம் பேசுவது என்பதுதான். மொத்தமே ஐந்து பக்கம். கோட்ஸ் சான்றிதழ் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது, ஆக சைட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மாறினால் போதும். இதற்கு எதற்கு டேட்டாபேஸ்? வெப் பக்கம் எழுதும் அடிப்படை மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும் வைத்துக் கையாலேயே எழுதினேன். கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் சேவையில், அதாவது சைட்டை இணையத்தில் வைத்து ஓட்டும் சேவையில், இலவசமாகவே ஓடுகிறது. லாகின் பக்கம் என்று ஒன்று இல்லாததால் கடவுச்சொல்லை ஊகித்து யாரும் உள்ளே நுழைய வழியில்லை. ஃபார்ம் வைக்க வெளிச்சேவை ஒன்று தேவைப்படும், அதற்குப் பதில் வாட்ஸ்அப் பொத்தானும் மெயில் முகவரியும் போதும் என்றார், சரி என்றேன்.

இந்த வகையின் குறை வாடிக்கையாளர் பக்கத்தில் ஒன்று, நம் பக்கத்தில் ஒன்று. அவரால் ஒரு போட்டோவைக்கூடத் தானே மாற்ற முடியாது, நம்மைக் கூப்பிட வேண்டும். நமக்கோ, ஆண்டுப் பராமரிப்பு என்று வாங்குவதற்கு அதில் வேலையே இல்லை. இதனால்தான் ஐந்து பக்க சைட்டுக்கும் வேர்ட்பிரஸ் (நிரல் தெரியாதவரும் பக்கத்தை மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருள்) போட்டுவிடும் பழக்கம் நம் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. பராமரிப்புக் காசு வேண்டும் என்பதற்காகப் பராமரிப்பு தேவைப்படும் ஒன்றைக் கட்டிக் கொடுப்பது சரியல்ல. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு.

வேர்ட்பிரஸைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2003-இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கியது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். உலகத்து வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. பள்ளிக்கூடம் என்றால் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். விடுமுறை அறிவிப்பு, விளையாட்டு விழாப் படம், தேர்வு அட்டவணை என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது மாறும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மேடத்துக்கு அரை நாள் சொல்லிக் கொடுத்தால் அவரே போட்டுக்கொள்வார். ஒவ்வொன்றுக்கும் நம் போனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கு நான் செய்த சைட்டில் முகப்புப் படங்கள் ஓடுவதற்கு ஒரு இலவச பிளகின், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரல், போட்டிருந்தேன். அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிட்டார், நான் கவனிக்கவில்லை. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. அதற்கு அடுத்த ஏப்ரலில் ஹோஸ்டிங் நிறுவனம் சர்வரை 8-க்கு மாற்றியது. அந்தப் பழைய பிளகின் புதிய பதிப்பில் ஓடவில்லை, மாற்றிய அன்று காலை சைட் முழுக்க வெள்ளைத் திரை. அட்மிஷன் நேரம் வேறு. "தம்பி, பேரன்ட்ஸ் எல்லாம் சைட் திறக்கலைன்னு போன் பண்றாங்க" என்று தாளாளர் கூப்பிட்டபோது நான் ஈரோட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றியதும் சைட் திரும்ப வந்துவிட்டது. வேலை பத்து நிமிடம்தான். ஆனாலும் ஒரு காலைப்பொழுது முழுக்க அந்தப் பள்ளிக்கு இணையத்தில் முகவரி இல்லாமல் போனது என் தவறுதான். கட்டும்போதே பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பார்த்திருக்க வேண்டும். இப்போது ஒப்பந்தம் இல்லாமல் வேர்ட்பிரஸ் சைட் எடுப்பதில்லை. பேக்கப் எடுப்பது, பிளகின் அப்டேட், பிஎச்பி பதிப்பு, இவை மூன்றும் அதில் எழுத்தில் இருக்கும்.

தமிழில் சைட் வேண்டும் என்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். தீம்கள், அதாவது வேர்ட்பிரஸின் ஆயத்த வடிவமைப்புகள், ஆங்கிலத்துக்கு அளந்து தைத்தவை. வரி இடைவெளி நெருக்கமாக இருக்கும். தலைப்பு இரண்டு வரி போனால் மேல் வரியில் உள்ள 'ழு'வின் கீழ்ச்சுழி, கீழ் வரியில் உள்ள 'கி'யின் மேல்விலங்கில் போய் இடிக்கும். இடைவெளியைக் கூட்டி, எழுத்தளவை ஒரு படி குறைத்தால் சரியாகும். உள்ளடக்கம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்தால், முதலில் இணையத்தில் எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். மாற்றிய பிறகும் ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் படிக்கமாட்டார், அவருடைய வாடிக்கையாளர் படிப்பார்.

அப்புறம் கடை. சுங்குடிச் சேலை விற்கும் ஒரு அக்கா வந்தார். வீட்டிலிருந்தே விற்கிறார், இன்ஸ்டாகிராமில் ஆர்டர் வருகிறது. யார் பணம் போட்டார், யாருக்கு பார்சல் போனது என்று நோட்டில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது என்றார். வேர்ட்பிரஸோடு வூகாமர்ஸ் என்ற கடை பிளகின் போட்டால் மாத வாடகை கிடையாது. ஆனால் ஆர்டர் வரும் இரவில் சைட் படுத்தால் அவர் என்ன செய்வார்? ஷாப்பிஃபை என்பது மாத வாடகைக்குக் கிடைக்கும் ஆன்லைன் கடை, அதில் சர்வர் கவலை அந்த நிறுவனத்துடையது. ஸ்டாக் குறைவது, பில், கூரியர் எண் எல்லாம் போனிலேயே பார்க்கலாம். சேலையை வெளிச்சத்தில் விரித்துப் போட்டோ எடுத்து, அங்கேயே விலை போட்டு ஏற்றிவிடுகிறார்.

செலவைத்தான் முன்கூட்டியே உடைத்துச் சொல்ல வேண்டும். வாங்குபவரிடம் பணம் வசூலிக்கும் ஷாப்பிஃபையின் சொந்த வசதி இந்தியாவில் இல்லை. ரேசர்பே போன்ற வெளி கேட்வே, அதாவது பணம் வசூலித்துத் தரும் சேவை, ஒன்றை இணைக்க வேண்டும். அவர்கள் வழக்கமாக 2 சதவீதம் எடுப்பார்கள், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வெளி கேட்வே பயன்படுத்துவதற்காக பேசிக் திட்டத்தில் ஷாப்பிஃபை தனியாக 2 சதவீதம் எடுக்கும். 1,000 ரூபாய்ச் சேலையில் 40 ரூபாய்க்கு மேல் இப்படியே போகும், மாத வாடகை தனி. ரிசர்வ் வங்கி விதிப்படி அந்த வாடகையைக் கார்டிலிருந்து மாதாமாதம் தானாக எடுக்க முதலில் ஓடிபி கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். கார்டு மாறினால் மறுபடியும் பதிவு. பணம் கட்டாமல் விட்டால் கடை முடங்கும். இதையெல்லாம் தாளில் கணக்குப் போட்டுக் காட்டியபோது அக்கா கொஞ்சம் யோசித்தார். "நோட்டு எழுதுற நேரத்துல ரெண்டு சேலை அதிகமா விப்பேன் தம்பி" என்றார். அவர் கணக்குதான் சரி.

விக்ஸ் என்ற சைட் கட்டும் சேவையைப் பற்றியும் கேட்பார்கள். இழுத்து வைத்தால் பக்கம் தயாராகிவிடும், அழகாகவும் இருக்கும். ஆனால் கட்டிய சைட்டை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போக முடியாது. ஷாப்பிஃபையிலாவது பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் விவரங்களை ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் தானே செய்துகொள்வதென்றால் விக்ஸ் நல்லதுதான். அவருக்காக நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எதில் கட்டினாலும் டொமைன், அதாவது சைட்டின் இணைய முகவரி, வாடிக்கையாளர் பெயரில், அவர் மெயிலில் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவருக்கு முன்பு செய்து கொடுத்தவர், டொமைனைத் தன் பெயரில் வாங்கி வைத்திருந்தார். ஊரை மாற்றினார், நம்பரை மாற்றினார், ரினியூவல் கட்டவில்லை. டாட் காம் காலாவதியானால் அவகாசம் உண்டு, நீக்கிய பிறகும் 30 நாளுக்குள் கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். ஆனால் நினைவூட்டல் மெயில் எல்லாம் அந்தப் பழையவருக்குத்தான் போயின. பெயரை யாரோ வாங்கிவிட்டார்கள். அட்டைப்பெட்டியில், விசிட்டிங் கார்டில், வண்டியில் எல்லாம் அச்சடித்த முகவரி அது. டாட் இன்-இல் புதிதாக வாங்கி, பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடித்து ஒட்டினார்கள்.

அதனால் பேலன்ஸ் தொகை வாங்கும் அன்று ஒரு தாள் கொடுக்கிறேன். டொமைன் எங்கே வாங்கியது, எந்த மெயிலில், ரினியூவல் தேதி, ஹோஸ்டிங் கணக்கு, பேக்கப் எங்கே இருக்கிறது, அவ்வளவும் அதில் இருக்கும். பனியன் கம்பெனி அண்ணனிடம் அதைக் கொடுத்தபோது இரண்டு முறை படித்தார்.

"அப்ப நாளைக்கே நான் வேறொருத்தருகிட்டப் போனாலும் இது போதுமுங்களா?"

"போதுமுங்கண்ணா."

லேமினேட் செய்யச் சொல்லி, ஜிஎஸ்டி சான்றிதழ் இருந்த ஃபைலில் வைத்தார்.