சாவி கொடுக்கும் வாட்சுகளோடு பத்து வருடம்

குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும்போது நான் வாட்சுக்குச் சாவி கொடுப்பேன். கையில் கட்டிக்கொண்டே கொடுக்கக் கூடாது, சாவித் தண்டு வளையும். கழற்றி எடுத்து, ஓரத்தில் குமிழ்போல் இருக்கும் சாவியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுவேன். முதலில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. இருபது சுற்றைத் தாண்டியதும் லேசாக ஒரு இறுக்கம். அதற்கு மேல் ஆறேழு சுற்று போனால் ‘போதும்’ என்பதுபோல் நிற்கும். அங்கே விட்டுவிட வேண்டும். 2015 ஜனவரியிலிருந்து, காய்ச்சலில் படுத்த நாட்கள் தவிர, இது நடந்துகொண்டிருக்கிறது.

அந்த வாட்ச், அரசு நிறுவனமான எச்.எம்.டி. செய்த ஜனதா என்ற மாடல். அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். 1978-ல் கல்யாணத்தின்போது தாத்தா அவருக்கு ஒரு மோதிரமும் இந்த வாட்சும் போட்டார். தொண்ணூறுகளில் அப்பா பேட்டரி வாட்சுக்கு மாறிவிட்டார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் மாறினார்கள். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளை அனுப்பத் தொடங்கியபின் தினமும் சாவி கொடுக்க யாருக்குப் பொறுமை? ஜனதா பீரோவுக்குள் போய்விட்டது. 2014 செப்டம்பரில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு எழுந்துபோய், கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்த வாட்சை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். “ஓடுமான்னு பாரு” என்றார், அவ்வளவுதான்.

ஓடவில்லை.

மெயின்கார்டு கேட் பக்கத்தில், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இடம் போதாத ஒரு ரிப்பேர் கடை. எழுபதை நெருங்கும் ஒரு பாய். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தவர், “மெஷின் நல்லாருக்கு டீச்சர். ஆயில்தான் காஞ்சு பிசினாப் போச்சு” என்றார். பத்து நாள், 450 ரூபாய். மெஷின் முழுவதையும் பிரித்து, கழுவி, புதுசாக ஆயில் வைத்துக் கோப்பதற்கு அவர் சொல்லும் பெயர் ஓவராய்லிங். வாங்கப் போன அன்று வாட்சை என் காதருகே வைத்துக் காட்டினார். அந்தச் சத்தத்தை நான் கேட்டது ஏழெட்டு வயதில், அப்பாவின் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தபோது.

நான் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். தனிச்சீரிசை இயக்கத்துக்குப் பலகையில் ஊசலும் சுருள்வில்லும் வரைந்து காட்டியே பழகியவள். இப்போது அந்தப் பாடத்துக்கு மட்டும் பின்மூடி திறந்த ஒரு பழைய மெஷினைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறேன். பேலன்ஸ் சக்கரம் மயிரிழை போன்ற ஒரு சுருள் ஸ்பிரிங்கின் பலத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. ஜனதாவில் ஒரு நொடிக்கு ஐந்து துடிப்பு. ஒரு முழு அலைவுக்கு 0.4 நொடி. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. இத்தனை துடித்தும் என் வாட்ச் நாளொன்றுக்குப் பத்து நொடிதான் முந்துகிறது. கணக்குப் போட்டால் பிழை 0.012 சதவீதம்கூட இல்லை. பேட்டரி இல்லை, சிப் இல்லை. சுருட்டிவைத்த ஒரு எஃகுத் தகடு பிரிய முயல்கிற விசை மட்டும்தான் இதை நடத்துகிறது. பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி முண்டியடிப்பார்கள். எனக்கும் அது சலித்ததே இல்லை.

டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே விலையுயர்ந்த கல் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். அது செயற்கை மாணிக்கம். சக்கர அச்சுகள் தேயாமல் சுற்றுவதற்கான தாங்கி. எடுத்து விற்றால் ஒன்றும் கிடைக்காது.

நேரம் எப்படி என்று கேட்பவர்களுக்காக என் நோட்டிலிருந்து சொல்கிறேன். முதல் ஓவராய்லிங் முடிந்து ஒரு மாதம், தினமும் இரவு ஒன்பது மணிக்குப் போனோடு ஒப்பிட்டு எழுதினேன். சராசரி 12 நொடி முந்தல். ராத்திரி டயல் மேலே பார்க்கும்படி வைத்தால் முந்தல் கூடியது, சாவி மேலே பார்க்கும்படி நிறுத்திவைத்தால் குறைந்தது. அதைத் தெரிந்துகொண்டபின் பகலில் முந்துவதை ராத்திரியில் சரிக்கட்ட முடிந்தது. நாலாவது வருடம் முந்தல் நின்று பின்தங்க ஆரம்பித்தது. 40 நொடிவரை போனது. ஆயில் காய்வதற்கு அடையாளம் அதுதான். 2019-ல் இரண்டாவது ஓவராய்லிங், 700 ரூபாய். மூன்றாவது 2024-ல், ஆயிரம். முழுச் சாவியில் ஒன்றரை நாள் தாராளமாக ஓடுகிறது. காலையில் மறந்தாலும் மாலைக்குள் நினைவு வந்துவிடும், நின்றுபோகாது.

2016-ல் ஒருமுறை பயந்துபோனேன். ஒரே நாளில் ஆறு நிமிஷம் முந்தியது. கடைசி பெல் அடிக்கும் முன்பே நான் பாடத்தை முடித்துவிட்டு நின்றேன். ஸ்பிரிங் போய்விட்டது என்று நினைத்து பாயிடம் ஓடினேன். “காந்தம் ஏறியிருக்கும். எங்க வெச்சீங்க?” என்றார். அப்போதுதான் புரிந்தது. அந்த வாரம் முழுக்க லேபில் காந்தமானி செய்முறை. சட்டக் காந்தங்கள் இருந்த பெட்டியைத் தினமும் இடது கையில் அணைத்துத் தூக்கிப் போயிருக்கிறேன். சுருள் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங் குட்டையானதுபோல் ஆகி, சக்கரம் வேகமாக ஆடும். மறுநாள் லேபில் காந்த ஊசியின் பக்கத்தில் வாட்சை வைத்துப் பார்த்தேன். ஊசி நடுங்கியது, வாட்சின் துடிப்புக்கு ஏற்றபடியே.

காந்தம் இறக்கும் சின்ன டப்பா ஒன்று கிடைக்கிறது, 600 ரூபாய் கொடுத்தேன். மின்சாரத்தில் செருகி, வாட்சை மேலே வைத்து, பட்டனை அழுத்திக்கொண்டே வாட்சை மெதுவாக மேலே தூக்கி விலக்க வேண்டும். பட்டனை முதலில் விட்டுவிட்டு வாட்சை எடுத்தால் பழையபடி காந்தம் ஏறிவிடும். இரண்டு முறை செய்ததும் சரியானது. திடீரென்று நிமிஷக் கணக்கில் முந்தினால் முதலில் இதைப் பாருங்கள். காந்தப் பட்டன் வைத்த ஹேண்ட்பேக், போன் ஸ்பீக்கர், இண்டக்ஷன் அடுப்பு, எல்லாவற்றிலிருந்தும் ஒரு சாண் தள்ளியே வைக்கிறேன்.

நம் ஊர் வியர்வை வேறு. ஜனதாவுக்குத் தண்ணீர்க் காப்பு என்று எதுவும் கிடையாது. போதாததற்கு என் இடது கையில் டஸ்டர். இரண்டாவது ஓவராய்லிங்கின்போது சாவித் தண்டைச் சுற்றி சாம்பல் நிறத்தில் ஒரு களிம்பு சேர்ந்திருந்ததை பாய் ஊசி முனையில் எடுத்துக் காட்டினார். சாக்பீஸ் தூளும் வியர்வையும் குழைந்தது. அதிலிருந்து தினமும் வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சாவி ஓரத்தைத் தட்டிவிடுகிறேன். தோல் ஸ்ட்ராப் ஐந்து மாதத்தில் நாற ஆரம்பிக்கும். ஸ்டீல் செயின் முந்தானையில் நூலை இழுக்கும். எனக்குச் சரிப்பட்டது 18 மில்லிமீட்டர் நைலான் ஸ்ட்ராப். ஞாயிற்றுக்கிழமை சோப்பு போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டுவிடலாம். கண்ணாடி அக்ரிலிக். கீறல் விழும், ஆனால் பற்பசையை வைத்துப் பத்து நிமிஷம் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

இனி எச்.எம்.டி.யின் இன்னொரு மாடலான பைலட். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், பார்த்ததும் பிடித்துவிடும். 2017-ல் ஆன்லைனில் ஒருவரிடம் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் புத்தம் புதுசாக மின்னியது. அதுவே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். நாற்பது வருடப் பழசு மின்னாது. ஒரே வாரத்தில் நின்றது. பாய் திறந்து, டயலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். டயலின் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும், அவைதான் மெஷினில் பொருந்தும். இதில் இரண்டையும் வெட்டிவிட்டுப் பசை தடவி ஒட்டியிருந்தது. லென்ஸை என் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னார். எழுத்தின் ஓரமெல்லாம் மை கசிந்திருந்தது. நிமிஷக் கோடுகள் எண்களுக்கு நேராக வரவில்லை. “மூணு வாட்சை உரிச்சு ஒரு வாட்ச் பண்ணிருக்காங்கம்மா” என்று சொல்லி, எந்தப் பாகம் எதிலிருந்து வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அவர் குரலில் கோபம் இருந்தது. எனக்கும் இருந்தது, பணம் போனதைவிட, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ மூன்று வாட்சுகளை இதற்காகப் பிரித்துப் போட்டிருக்கிறார்களே என்று.

இப்படி டயலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்து விற்பதற்கு ரீடயல் என்று பெயர். இன்று ஆன்லைனில் வரும் பழைய பைலட்களில் இதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. வாங்குவதானால் டயலை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மெஷினையும் திறந்து படம் கேளுங்கள். அனுப்பமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் 2,500 ரூபாய்க்கு அசல் பைலட் கிடைத்தது. முள்ளின் பூச்சு பழுப்பேறி, டயலில் இரண்டு புள்ளி. இருட்டில் ஒளிராது. ஏழு வருடமாக ஒரு குறையும் வைக்கவில்லை. ஜனதாவும் பைலட்டும் உள்ளே ஒரே குடும்பம். 1961-ல் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழில்நுட்பத்தின் வழிவந்தவை. ஒன்றின் பாகம் பெரும்பாலும் மற்றொன்றுக்குப் பொருந்தும். பழைய வாட்ச் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

தம்பி கல்ஃபிலிருந்து 2009-ல் கொண்டுவந்த சீக்கோ 5-ம் என்னிடம் இருக்கிறது. கிழமை அரபியிலும் வரும். இது ஆட்டோமேட்டிக், கை அசைவில் தானே சாவி ஏறும். உள்ளே 7எஸ்26 மெஷின். பதினைந்து வருடம் திறக்காமலே ஓடியது, மழையிலும் நனைந்திருக்கிறது. உழைப்பில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் என் கைக்கு ஒத்துவரவில்லை. இந்த மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. நேரம் வைக்கும்போது செகண்ட் முள்ளும் நிற்காது, நொடி சுத்தமாக வைக்க வழியில்லை. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பேப்பர் திருத்தினால் திங்கள் காலை நின்று கிடக்கும். தேதி மாற்றுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நாலு வரை தேதியைத் தொடாதீர்கள். அந்த நேரம் உள்ளே தேதிச் சக்கரத்தின் பல் கோத்துக்கொண்டிருக்கும், உடைந்துவிடும்.

நடுவில் ஒரு காலம் ஒன்பது வாட்ச் வரை சேர்ந்துவிட்டது. டப்பா நிறைய அடுக்கிவைத்திருந்தேன். போடாத வாட்சிலும் ஆயில் காய்கிறது. இரண்டு, பெட்டிக்குள் இருந்தே நின்றுபோயின. அப்பாவின் ஜனதா இருபது வருடம் பீரோவில் கிடந்ததை நானே திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஐந்தை, தினமும் போடுவேன் என்று வாக்குக் கொடுத்தவர்களுக்கு ஓவராய்லிங் செய்து கொடுத்தேன். ஒன்று எங்கள் லேப் அசிஸ்டென்ட் கையில் ஓடுகிறது, காரிடாரில் எதிரே வரும்போதெல்லாம் நேரம் கேட்பேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். முதலில் உங்கள் ஊரில் ஒரு நல்ல ரிப்பேர்காரரைத் தேடுங்கள் என்பேன். பேட்டரி மாற்றுகிற கடை நிறைய இருக்கிறது, பேலன்ஸைக் கழற்றித் திரும்ப மாட்டுகிற கை குறைந்துகொண்டே வருகிறது. கடையில் ஊதுபந்து, கழுவும் கண்ணாடிக் கிண்ணங்கள், மூடிபோட்டு வைத்த பாகங்கள் இருக்கிறதா பாருங்கள். பிரித்த மெஷினைத் தூசியில் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவரிடம் கொடுக்காதீர்கள். அவரிடம் என்ன பாகம் இருக்கிறது என்று கேட்டு, அவரால் பார்க்க முடிகிற மெஷின் உள்ள வாட்சை வாங்குங்கள். இரண்டு வருடமாக பாயின் கை லேசாக நடுங்குகிறது. சாவித் தண்டு மாற்றுவது, கண்ணாடி மாற்றுவது என்று சில வேலைகளை என்னையே செய்யச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். சனிக்கிழமை மதியம் போகிறேன். முதல் நாள் ஸ்க்ரூ ஒன்று எகிறி விழுந்ததை ஒரு மணி நேரம் இருவரும் தரையில் தேடினோம். “இதுக்குத்தான் வெள்ளைத் துணி விரிக்கிறது” என்றார். மறுவாரம் வெள்ளைத் துணி கொண்டுபோனேன்.

போன தீபாவளிக்கு முன்னால், ஓடாத ஜனதா ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கி அவரிடம் கொடுத்தேன். பிரித்து, நல்லதை மட்டும் தனித்தனியாக மடித்து, பழைய ஃபிலிம் டப்பா ஒன்றில் போட்டு மேலே பேனாவால் எழுதிக் கொடுத்தார்: பேலன்ஸ் 1, மெயின் ஸ்பிரிங் 1, தண்டு 1, கல் நல்லது. அது இப்போது அப்பாவின் கைக்குட்டையோடு பீரோவில் இருக்கிறது. அடுத்த ஓவராய்லிங் 2028-ல்.